உதவி: செங்கோட்டை–புனலூர் மாதிரி ரயில் ஏற்றத்தில் வழுக்குகிறது, அமைப்பையே மாற்றலாமா?

புளியரை மாடி:

வணக்கம். மாடியில் 11 அடிக்கு 9 அடி அறை ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் 8க்கு 4 ப்ளைவுட் மேசை போட்டு, சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, 1:87), 16.5 மி.மீ. தண்டவாளம், வளைவெல்லாம் 18 அங்குல ஆரம். பாதை எட்டு வடிவத்தில் போகிறது. ஒரு பக்கம் ஏறி, கீழ்த் தடத்தைப் பாலம் வழியாகத் தாண்டி, மறுபக்கம் இறங்கும். ஏற்றம் 160 செ.மீ. நீளத்தில் 8 செ.மீ. சாதாரண டிசி கன்ட்ரோலர்தான்.

மூன்று பெட்டி வரை ஏறுகிறது. ஐந்து மாட்டினால் இன்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஏற்றம் முடியும் உச்சியில் கப்ளிங் கழன்று, பின்பாதி வண்டி கீழே ஓடிவிடுகிறது. சுவர்ப்பக்க மூலையில் தடம் புரண்டால் ஸ்டூல் போட்டு மேசைமேல் படுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இது போதாதென்று, சாரல் காலம் போய் வெயில் வந்தால் தண்டவாள இணைப்புகள் பிதுங்குகின்றன.

ஆசை என்னவென்றால், நம்ம ஊர் மலைப்பாதை. குகை வேண்டும், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் வேண்டும், ஏற்றத்தில் பின்னால் பேங்கர், அதாவது துணை இன்ஜின், தள்ள வேண்டும். அறையின் கதவு 11 அடிச் சுவரில் இருக்கிறது, உள்பக்கமாகத் திறக்கும். இழுவை அதிகமுள்ள இன்ஜின் வாங்கினால் இப்போதைய மேசையே போதுமா, இல்லை எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா?

பகவதிபுரம் பேங்கர்:

தம்பி, இன்ஜின் வாங்காதே. உன் ஏற்றம் நூற்றுக்கு ஐந்து. அதோடு வளைவின் உராய்வையும் கூட்ட வேண்டும். எச்ஓவுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: 32ஐ வளைவின் அங்குல ஆரத்தால் வகு. 18 அங்குலத்துக்கு 1.8 வரும். ஆக வளைவில் ஏறும்போது இன்ஜினுக்கு அது கிட்டத்தட்ட ஏழு சதவீதம். எந்த இன்ஜினைப் போட்டாலும் சக்கரம் சுற்றத்தான் செய்யும். எச்ஓவில் இரண்டு சதவீதம் நிம்மதி, மூன்று என்றால் சிறிய வண்டி, அதற்கு மேல் வம்பு.

பழைய இன்ஜின் என்றால் சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் பார்த்துவிடு. காய்ந்து வழுவழுப்பாகியிருந்தால் மாற்று. அதற்கு மேல் அந்த இன்ஜினிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாளையார் மரக்கடை:

உச்சியில் கப்ளிங் கழல்வதற்குக் காரணம், ஏற்றமும் சமதளமும் முனை போலச் சந்திப்பதுதான். ஒரு பெட்டியின் மூக்கு மேலே பார்க்கும், அடுத்தது நேராகப் பார்க்கும், கொக்கி தானாக மேலெழுந்து விலகிவிடும். ஏற்றத்தின் அடியிலும் உச்சியிலும் ஓரடி நீளத்துக்காவது மெதுவாக வளைய வேண்டும். 6 மி.மீ. ப்ளைவுட் பட்டையை வெட்டாமல் ஒரே நீளமாகப் போட்டு, நடுவில் கட்டை கொடுத்துத் தூக்குங்கள். பலகையே அந்த வளைவை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, 18 அங்குல வளைவு நம் பெட்டிகளுக்குப் போதாது. சென்னை ஐசிஎஃப் ஆலையின் பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர், 1:87இல் 24.5 செ.மீ. வருகிறது. நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ஓட்டம் நம்பகமாக இருக்கும், அதாவது 73 செ.மீ. உங்களிடம் இருப்பது 46. பெட்டி எடையையும் பாருங்கள். எச்ஓவுக்கு வழக்கமாகச் சொல்வது ஒரு அவுன்ஸ், அதோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். இந்தப் பெட்டிக்குச் சுமார் 165 கிராம். அதைவிட லேசாக இருந்தால், பேங்கர் தள்ளும்போது நடுப்பெட்டி வளைவில் வெளியே துள்ளும்.

புளியரை மாடி:

தராசில் வைத்துப் பார்த்தேன், எல்லாம் நூறு கிராம் சுற்றித்தான். எடை கூட்டினால் ஏற்றம் இன்னும் கஷ்டமாகாதா?

வாளையார் மரக்கடை:

ஆகும். ஆனால் அது ஏற்றத்தைக் குறைக்கச் சொல்லும் காரணமே தவிர, பெட்டியை லேசாகவே விடச் சொல்லும் காரணமில்லை. மீன்பிடி ஈயத்தை அடித்தளத்தில், இரண்டு போகிகளுக்கும் (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதிகளுக்கும்) பங்கு வருகிற மாதிரி ஒட்டுங்கள். கூரைப்பக்கம் ஒட்டினால் வளைவில் சாயும். அப்படியே சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை வெர்னியரில் அளந்துவிடுங்கள், சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால், தடம் பிரியும் பாயிண்டில் சக்கரம் மேலே ஏறிவிடும்.

பகவதிபுரம் பேங்கர்:

அமைப்பைப் பற்றிச் சொல்கிறேன், நிதானமாகக் கேள். நீ ஏன் எட்டுப் போடுகிறாய்? நம் பாதை எங்காவது தன்னையே தாண்டிப் போகிறதா? செங்கோட்டையில் கிளம்பி பகவதிபுரம், எல்லைக் குகை, ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, எடமண், புனலூர். 49 கிலோமீட்டர், ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. குகைவரை ஏற்றம், அப்புறம் இறக்கம். தடம் தடத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்றால் 8 செ.மீ. உயரம் எதற்கு? 3 செ.மீ. போதும். அதையும் 150 செ.மீ. நீளத்தில் ஏற்று, இரண்டு சதவீதம்தான் வரும்.

"மலைப்பாதை மாதிரியே இருக்காதே" என்பாய். மலைப்பாதை கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசி. கழுதுருட்டிப் பாலத்தைப் பார்ப்பவர்கள் கீழே ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். ரயில் ஏறுவது யாருக்கும் கண்ணில் படாது, நிலம் இறங்குவதுதான் படும். ஆகவே ரயிலை ஏற்றாதே, தரையை இறக்கு. தண்டவாளத்தை நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து 120 செ.மீ. வாக்கில் வைத்து, பாலம் வரும் இடத்தில் மட்டும் பலகையை வெட்டி 30 செ.மீ. கீழே பள்ளம் கொடு. கீழே ஆறும் நெடுஞ்சாலையும் வரட்டும். மேலே சமதளத்தில் வண்டி ஓடினாலும் மலையில் ஓடுகிற மாதிரித்தான் இருக்கும்.

மேசையைத் தூக்கிவிடு. கதவு இல்லாத மூன்று சுவரிலும் 45 செ.மீ. அகலப் பலகை. மூலையில் மட்டும் 75 செ.மீ. ஆர வளைவு உள்ளே வரும் என்பதால் குறுக்காக ஒரு முக்கோணம் சேர்த்துக்கொள். எல்லாம் கை எட்டும் தூரம், ஸ்டூல் வேண்டாம். தடம் சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் போனால் மொத்தம் ஏறக்குறைய ஏழரை மீட்டர் கிடைக்கும். ஒரு 9 அடிச் சுவரில் செங்கோட்டை, எதிர்ச் சுவரில் தென்மலையோ புனலூரோ. முதல் மூலையில் ஏறி மலைக்குள் நுழைகிறாய், பின்சுவரில் குகையை விட்டு வெளியே வந்ததும் பாலம், அடுத்த மூலையில் இறக்கம். ஊர் வரிசையும் மாறவில்லை. வண்டி நாலு பெட்டியோடு நிற்கட்டும். முன்னும் பின்னும் இன்ஜின் சேர்த்து ஒன்றரை மீட்டர் ஆகிவிடும்.

வாளையார் மரக்கடை:

அண்ணாச்சி, வட்டம் இல்லையென்றால் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டே பார்க்க முடியாதே. நான் என்றால் கதவுப் பக்கம் ஒரு தூக்குப் பாலம் போட்டுச் சுற்றை முடித்துவிடுவேன். அந்தத் தூக்குப் பாலத்தையே பதிமூன்று கண் பாலமாக வைத்தால் இடமும் மிச்சம்.

பகவதிபுரம் பேங்கர்:

கதவு உள்பக்கம் திறக்கிறது என்று சொல்லியிருக்கிறார், கவனிக்கவில்லையா? அது கிடக்கட்டும். தினமும் கழற்றி மாட்டுகிற துண்டில் அந்தப் பாலத்தைக் கட்டலாமா? முக்கியமான காட்சியின் இரண்டு முனையிலும் இணைப்பு வெட்டு தெரியும், ஒரு மாதத்தில் தூண் உடையும். தூக்குப் பாலம் வேண்டுமானால் இரும்பு கர்டர் மாதிரி ஒன்றைப் பிற்பாடு போட்டுக்கொள்ளட்டும். வட்டம் இல்லாததில் இவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பேங்கர் பின்னால் இருக்கிறதல்லவா, புனலூர் போய்ச் சேர்ந்ததும் அதுவே முன் இன்ஜினாகித் திரும்பிவிடும். இன்ஜினைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வந்து மாட்டும் வேலையே கிடையாது.

புளியரை மாடி:

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணாச்சி. வட்டம் வேண்டாம், முடிவாகிவிட்டது. ஆனால் பாலம்? நிஜப் பாலம் சுமார் நூறு மீட்டர் என்றால் 1:87இல் 115 செ.மீ. வருகிறது. பின்சுவரின் நேர்பகுதியே 145தான். ஏழு கண்ணாகக் குறைத்துவிடலாமா?

பகவதிபுரம் பேங்கர்:

குறைக்காதே. இங்கே யார் வந்து பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் எண்ணுவார்கள், உன் வீட்டுக்கு வருகிற சின்னப் பிள்ளை உட்பட. எண்ணிக்கையைத் தொடாமல் அளவைச் சுருக்கு. ஒரு கண்ணுக்கு 9 செ.மீ. வர வேண்டியதை 7 ஆக்கினால் பதிமூன்றும் 91 செ.மீ.யில் முடிந்துவிடும். தூணின் உயரத்தையும் அதே விகிதத்தில் சுருக்கிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

எந்தக் காலம் என்பதையும் இப்போதே முடிவு செய். 1904இல் தொடங்கியது மீட்டர் கேஜ். 2010இல் அகலப்படுத்த மூடி, 2018இல்தான் முழுப் பாதையும் திறந்தது. மீட்டர் கேஜ் வேண்டுமானால் 1:87க்கு 12 மி.மீ. தண்டவாளம், இருப்பது எதுவும் உதவாது. பிராட் கேஜுக்குக் கணக்குப்படி 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும், ஆனால் எல்லோரும் 16.5இல்தான் ஓட்டுகிறார்கள். நீயும் ஓட்டு.

நகரி வயரிங்:

அண்ணா, கரென்ட் பக்கம் நான் சொல்கிறேன். டிசியில் பேங்கர் ஓட்டுவது சுலபம். இன்ஜின் எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தாலும் ஒரே தடத்தில் இரண்டும் ஒரே திசையில்தான் போகும். வேகம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் பெட்டி இல்லாமல் ஓரடி இடைவெளி விட்டு ஓடவிடுங்கள். இடைவெளி மாறாமல் இருந்தால் ஜோடி சரி. கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் மெதுவாகப் போவதைப் பின்னால் போடுங்கள். வேகமானது பின்னால் இருந்தால் வளைவில் பெட்டிகளைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

ஏழரை மீட்டர் தடத்துக்கு ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் தூர முனையில் வண்டி சோர்ந்துவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளம் செம்பு மாதிரிக் கடத்தாது, இணைப்புத் தகடுகளும் நாளாக நாளாகத் தளரும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வீட்டு வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், நெடுக இழுத்துவிடுங்கள். மீட்டருக்கு ஓரிடத்தில் மெல்லிய வயரால் தண்டவாளத்தோடு சால்டர் பண்ணுங்கள். துடைப்பதற்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அழுக்கு தங்கும்.

இரண்டு முனையிலும் கடைசி ஓரடியில் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டி, அந்த வெட்டின் இரு முனைகளையும் இணைத்து, ஒரே திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்4007 டையோடு ஒன்றைப் போட்டால் இன்ஜின் தானாக நின்றுவிடும். திசை மாற்றினால் வெளியே வரும்.

வாளையார் மரக்கடை:

பேங்கர் இருக்கும்போது அது எப்படி நிற்கும்? முன் இன்ஜின் மின்சாரம் அறுந்து நிற்கும், பின் இன்ஜினுக்கு மின்சாரம் இருக்கிறதே. தள்ளிக்கொண்டேதானே இருக்கும்?

நகரி வயரிங்:

சரியான கேள்வி. ஒற்றை இன்ஜின் வண்டிக்குத்தான் அது உதவும். பேங்கரோடு ஓட்டினால் ஸ்டேஷன் நெருங்கும்போது கை கன்ட்ரோலரில் இருக்க வேண்டும், முனையில் திருகு போட்டு இறுக்கிய கனமான தடுப்புக் கட்டை ஒன்றும் வேண்டும். ஒட்டி வைத்தால் பெயர்த்துக்கொண்டு கீழே விழும், 120 செ.மீ. உயரம் ஞாபகமிருக்கட்டும்.

புளியரை மாடி:

இணைப்பு பிதுங்கும் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. வெயிலில் தண்டவாளம் நீள்வதால்தான் பிதுங்குகிறது என்று இங்கே ஒருவர் சொன்னார்.

வாளையார் மரக்கடை:

தண்டவாளம் நீள்வது கொஞ்சம்தான். ஒரு மீட்டருக்குப் பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.16 மி.மீ. உண்மையான குற்றவாளி மரம். ஜூன், ஜூலை ஈரத்தில் ஊறி உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும். மேலே ஒட்டிய தண்டவாளம் எங்கே போகும்? அதனால் ஈரம் தாங்கும், ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட் வாங்கி, மேல், கீழ், வெட்டிய ஓரம் மூன்றிலும் பெயின்டோ வார்னிஷோ அடித்துவிடுங்கள். ஓரத்தை விட்டுவிட்டால் அடித்ததே வீண். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பக்கமே போகாதீர்கள், நம் பக்கத்து ஈரத்துக்கு அது நனைந்த ரொட்டி. மீட்டருக்கு ஓரிடத்தில் இணைப்பைச் சால்டர் பண்ணாமல், ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். தடம் போடும் வேலையைக் கோடையில் செய்தால் அப்போது பலகை சுருங்கிய நிலையில் இருக்கும், அதற்குப் பிறகு இடைவெளி கூடத்தான் செய்யும், பிதுங்காது.

பலகைகளைச் சுவரில் ஏற்றுமுன் கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி மூன்று சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுத் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பிக் கால் அளந்து போட்டால், நீங்கள் கேட்காத ஏற்றம் ஒன்று தானாக வந்துவிடும்.

மலைக்குத் தெர்மாகோல் போட்டால் சாதா ஃபெவிகால் போதும். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

நகரி வயரிங்:

ஊர்ச் செம்மண்ணைத் தூவுவதாக இருந்தால் வறுத்து ஆறவைத்துச் சலியுங்கள். பிறகு ஒரு காந்தத்தை அதன்மேல் உலாவவிட்டு இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள். விட்டால் அதெல்லாம் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

புளியரை மாடி:

எல்லோருக்கும் நன்றி. ஆசாரி அடுத்த வாரம் வருகிறார், மேசையைப் பிரித்து அந்தப் பலகையிலேயே செங்கோட்டைப் பக்கம் தொடங்குகிறோம். குகைக்குள் வண்டி புரண்டால் என்ன செய்வது, அதற்கு மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பகவதிபுரம் பேங்கர்:

மலையின் முன்பக்கச் சரிவைக் கழற்றி எடுக்கிற மாதிரித் தனித் துண்டாகச் செய், உள்ளே கை முழுக்கப் போக வேண்டும். குகைக்குள் பாயிண்ட் ஒன்றும் வைக்காதே. மலையை மூடுவதற்கு முன் முழு வண்டியையும், பேங்கரோடு, இரண்டு திசையிலும் ஒரு வாரம் ஓட்டிப் பார். பாலத்துக்கு முதல் தூண் நட்டதும் படம் போடு.