புதுப்பிப்பு: ஆக்சைடு படலத்தைக் காற்றுப் படாமல் அளப்பது ஏன்?

பினாங்கிலிருந்து முன்பு எழுதிய இழையில், லாந்தனம் நிக்கலேட் என்ற ஆக்சைடின் படலத்தில் எலக்ட்ரான் பட்டைகளை (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளை) ஆர்பெஸ் (ARPES) முறையில், அதாவது ஒளி பாய்ச்சி, வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளந்து, பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். "இங்கேயே வளர்த்து, டப்பாவில் போட்டுக் கொண்டுபோய் அளந்தால் ஆகாதா தம்பி?" என்று பட்டர்வொர்த் ஊர்க்கார அண்ணன் ஒருவர் கேட்டார்.

ஆகாது அண்ணே. புற ஊதா ஒளி பட்டுத் தப்பி வரும் எலக்ட்ரான்கள் மேலே ஏறக்குறைய 1 நானோமீட்டர் ஆழத்திலிருந்துதான் வருகின்றன. அதன்மேல் நீராவியும் கரியும் ஓர் அடுக்கு படிந்தாலே பட்டைகள் மங்கிவிடும். ஒரு டாரில் (டார் என்பது அழுத்த அலகு; காற்றழுத்தம் ஏறக்குறைய 760 டார்) பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில்கூட அந்த அடுக்கு படிய ஒரு நொடி போதும். அந்த அழுத்தத்தையும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும்.

அப்புறம், சூடாக்கித் துடைக்கலாமே? வெற்றிடத்தில் சூடாக்கினால் ஆக்சிஜனும் கிளம்பிவிடும். அது விட்டுச்செல்லும் எலக்ட்ரான்கள் பட்டைகளையே மாற்றிவிடும். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற இன்னோர் ஆக்சைடின் வெறும் மேற்பரப்பில் 2011இல் கண்ட இருபரிமாண எலக்ட்ரான் படலம் (மேற்பரப்பை ஒட்டியே நகரும் எலக்ட்ரான்கள்) இப்படிப்பட்டதுதான்.

எனவே வளர்க்கும் அறையும் அளக்கும் அறையும் வெற்றிடக் குழாயால் இணைந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். ஒவ்வோர் அடுக்கு முடியும்போதும் படலத்தில் பட்டுத் தெறிக்கும் எலக்ட்ரான் கற்றை திரையில் காட்டும் புள்ளி மங்கித் திரும்பப் பிரகாசித்தது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! அளந்தபோது ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலில்) விளிம்பு கூர்மையாக வந்தது: நல்ல உலோகம்.

இதே பொருள் இரண்டு அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) தடிமனுக்கு மெலிந்தால் மின்சாரம் கடத்தாது. அடுத்த முறை அந்த மெல்லிய படலங்களைத்தான் அளக்கப் போகிறோம்.