அவசரம்: பிடிஎஃப் பக்கங்களைப் படமாக மாற்றுவது எப்படி? இன்றிரவு கடைசி

கோவைக்காரி_புதுசு: அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் போடுகிறேன், இரவு 12 மணியோடு மூடிவிடுவார்கள். வேலை ஒப்பந்தம், ஆதார் எல்லாம் பிடிஎஃப்பாகத்தான் என்னிடம் இருக்கின்றன. ஏற்றினால் ‘படக்கோப்பு மட்டும்’ என்று திருப்பி அனுப்புகிறது. கை கால் ஓடவில்லை, யாராவது சொல்லுங்களேன்.

ஸ்காபரோ_சித்தப்பா: பிள்ளை, முதலில் வீட்டை நேரில் போய்ப் பார்த்தீரோ? பார்க்காமல் ஒரு சதமும் கட்ட வேண்டாம். நாங்கள் வந்த காலத்தில் கிரெடிட் வரலாறு இல்லையென்று ஒருத்தரும் வீடு தரவில்லை. தெரிந்த ஒருவரின் பேஸ்மென்டில் ஹீட்டர் இல்லாமல் ஒரு மாரி முழுக்கக் கிடந்தோம். கனடாவில், இந்த ஒன்டாரியோ மாகாணத்தில், கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம், அதற்கு மேல் டெபாசிட் கேட்டால் கொடுக்காதேயும்.

லெஸ்டர்_மச்சான்: இங்கிலாந்து என்றால், குடியிருக்கும் உரிமையை வீட்டுக்காரருக்குக் காட்டும் ஷேர் கோட் எடுத்துவிட்டீர்களா? பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கும் ஈவிசாதான். படம் பெரிய விஷயமே இல்லை. கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் பிடிஎஃப் என்பதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று போடுங்கள், ஏறிவிடும்.

டெர்மினல்_தம்பி: ஏறாது மச்சான். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா? கணினி கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே இது பிடிஎஃப் என்று கண்டுபிடித்துவிடும். பக்கத்தைப் புள்ளிகளாக வரைந்து எடுக்க வேண்டும். லினக்ஸ் என்றால் பாப்ளர் என்ற மென்பொருள் போதும், ஒரே வரிக் கட்டளை.

கோவைக்காரி_புதுசு: மன்னிக்கவும், நாட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜெர்மனி, மியூனிக். லினக்ஸ் எல்லாம் தெரியாது தம்பி.

பவேரியா_பாண்டியன்: மியூனிக்கா! சரியான இடத்தில் வந்து மாட்டியிருக்கிறாய் தங்கச்சி. ஷூஃபா, அதாவது கடன் வரலாற்றுச் சான்று, இருக்கிறதா? முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், குடி புகுந்து இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். டெபாசிட் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு (ஹீட்டர் முதலான செலவு சேராத வாடகை) மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மாற்றித் தரும் இலவச இணையதளம் ஆயிரம் இருக்கிறது, ஒன்றில் போட்டு எடுத்துக்கொள்.

செல்வி_ஷ்டுட்கார்ட்: சம்பளம், முகவரி, கையெழுத்து எல்லாம் இருக்கிற ஒப்பந்தத்தை முகம் தெரியாத தளத்தில் போடச் சொல்கிறீர்களே அண்ணா!

பவேரியா_பாண்டியன்: வீட்டுக்காரனிடம் மட்டும் பத்திரமாக இருக்கப்போகிறதா? ஒரு அறைக்கு என் ஜாதகத்தைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார்கள். வீடு பார்க்கப் போனால் படிக்கட்டு முழுக்க வரிசை, கையில் ஆளுக்கொரு கோப்பு. கடைசியில் பதில்கூட வராது.

ஸ்காபரோ_சித்தப்பா: இஞ்சையும் அதே கதைதான். இப்ப ஒரு அறைக்குக் கேட்கிற காசில் அந்தக் காலத்தில் முழு வீடே எடுக்கலாம்.

லெஸ்டர்_மச்சான்: படமாக எடுத்தால் பிஎன்ஜி எடுங்கள். ஜேபிஜியில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும்.

டெர்மினல்_தம்பி: ஸ்கேன் செய்த பக்கத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் கோப்பு ஊதிப்போகும். ஜேபிஜிதான்.

செல்வி_ஷ்டுட்கார்ட்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணுக்கு நேரம் ஓடுகிறது. தங்கச்சி, மூன்றே கேள்வி. என்ன கணினி? எத்தனை பக்கம்? ஒரு படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்?

கோவைக்காரி_புதுசு: ஆபீஸ் மேக் அக்கா. ஒப்பந்தம் 14 பக்கம். ஒவ்வொன்றும் 2 எம்பிக்குள், ஜேபிஜி மட்டும்.

செல்வி_ஷ்டுட்கார்ட்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே கண்ணு. சரி, ஒன்றையும் இறக்க வேண்டாம். ஒப்பந்தத்தை மேக்கிலேயே இருக்கும் ப்ரிவ்யூ செயலியில் திற. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், ஃபார்மட் ஜேபெக். ரெசல்யூஷன், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை, 150 வைத்தால் ஏ4 பக்கம் 1240க்கு 1754 புள்ளி வரும், திரையில் படிக்க அது தாராளம். 300 வைத்தால் அகலமும் உயரமும் இரட்டிப்பாகி, புள்ளிகள் நான்கு மடங்காகிவிடும், 2 எம்பியைத் தாண்டக்கூடும். எழுத்து மங்கினால் 200க்கு ஏற்று. தரத்துக்கான பட்டையை நகர்த்தினால் அளவு குறையும்.

ஒரு சிக்கல்: ப்ரிவ்யூ அப்போது கண்ணெதிரே இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும்தான் படமாக்கும். 14 பக்கமும் வேண்டுமென்றால் மேக்கிலேயே ஆட்டோமேட்டர் என்ற செயலி இருக்கிறது. அதில் பிடிஎஃப் பக்கங்களைப் படமாக வரையும் செயல் ஒன்று உண்டு, அதன் பின்னால் கோப்புகளை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தும் செயலையும் சேர்த்துவிடு. சேர்க்காவிட்டால் படங்கள் தற்காலிகக் கோப்புறையில் போய் ஒளிந்துகொள்ளும். எனக்கென்னவோ பெயர், சம்பளம், கையெழுத்து உள்ள பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தாலே போதும் என்று தோன்றுகிறது. விடுமுறை விதிகளைப் படித்து அவர் என்ன செய்யப்போகிறார்? பெயரில் 01, 02 என்று எண் போடு. 1, 2 என்று போட்டால் சில தளங்களில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும்.

மதுரை_மீனா: விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் சொல்லுங்கள் அக்கா. நான் லிப்ரே ஆபீஸ் டிராவில் பிறப்புச் சான்றிதழைத் திறந்தேன், தமிழெழுத்தெல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறிவிட்டது.

டெர்மினல்_தம்பி: டிரா பக்கத்தைத் திருத்தக்கூடிய எழுத்தாகப் பிரித்துத் திறக்கும், அதனால்தான். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் திறங்கள் அக்கா. எந்தப் பக்கம், எத்தனை டிபிஐ (அதே ரெசல்யூஷன்தான்) என்று அதுவே கேட்கும், பக்கம் அச்சில் இருப்பது போலவே படமாக வரும்.

கோவைக்காரி_புதுசு: ஒப்பந்தம் ஏறிவிட்டது அக்கா! ஆதார் மட்டும் கடவுச்சொல் கேட்கிறது. பாஸ்போர்ட்டை ஐபோனில் படம் எடுத்தேன், அதையும் ஏற்கவில்லை.

செல்வி_ஷ்டுட்கார்ட்: ஆதாருக்கு உன் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், பின்னாலேயே பிறந்த வருடம். ஆனால் மியூனிக் வீட்டுக்காரருக்கு ஆதார் எதற்கு, அதை விட்டுவிடு. படமாக்கினால் அதிலிருக்கும் டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபார்க்க முடியாது. ஐபோன் படம் ஜேபிஜியாக இல்லாமல் ஹெச்இஐசி என்ற வேறு வகைக் கோப்பாக இருக்கும். மேக்குக்கு அனுப்பி ப்ரிவ்யூவில் அதே எக்ஸ்போர்ட், அதே ஜேபெக். பாஸ்போர்ட்டின் கீழே இருக்கிற அம்புக்குறி வரிசை இரண்டும் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு.