ஐஇஎல்டிஎஸ்: இரண்டு தேர்வு மதிப்பெண்களைச் சேர்த்து என்எம்சி பதிவு வாங்கியவர்கள் உண்டா?

மதுரையில் ஆறு வருடமாக ஐசியூ நர்ஸ். பிரிட்டனில் நர்ஸ் வேலை பார்க்க என்எம்சி என்ற நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும்.

பிப்ரவரியில் கேட்டல் 7.5, வாசிப்பு 7, பேச்சு 7, எழுத்து மட்டும் 6. நைட் டியூட்டி முடித்து நேராகப் போனது என் முட்டாள்தனம். கட்டுரையின் கடைசிப் பத்தி பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் இரண்டு மாதம் கோச்சிங். ஆகஸ்டில் எழுத்து 6.5 வந்தது, வாசிப்பு 6.5க்கு இறங்கிவிட்டது! மற்ற இரண்டும் 7. இரண்டு முறையும் ஓவரால் 7தான்.

12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்க்கலாம் என்று 2023இல் விதி மாறியது. ஏஜென்சிக்காரரோ பழைய ஆறு மாதக் கணக்கைச் சொல்லி மறுபடி எழுதச் சொல்கிறார். விதியை அச்செடுத்துக் காட்டியும் கேட்கவில்லை.

இப்படி இரண்டு ரிசல்ட்டைச் சேர்த்து நேரடியாக விண்ணப்பித்துப் பதிவு பெற்றவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?