நாமா, நாங்களா? ‘வீ ஷேல் ஓவர்கம்’ பாட்டில் ஒரு சிக்கல்

முதலியார்பேட்டைக்காரன்:
ஜூலை 30 வருகிறது. 1936-இல் நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு போலீஸ் சுட்டுக் கொன்ற 12 மில் தொழிலாளர்கள் நினைவாகத் தெருப் பசங்க சேர்ந்து சின்னதாக ஒரு கூட்டம் போடுகிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பாடிய ‘வீ ஷேல் ஓவர்கம்’ (‘வெல்வோம்’) பாட்டைத் தமிழில் பாடலாம் என்று உட்கார்ந்தால் முதல் வார்த்தையிலேயே சண்டை. ‘வீ’ என்றால் நாமா, நாங்களா? இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அப்புறம், இது மார்ட்டின் லூதர் கிங் எழுதினது என்று ஒருத்தன் அடித்துச் சொல்கிறான். அப்படியா?

ஓ.டி. கடலூர்:
கிங் எழுதவில்லை தம்பி. ஒரே ஆள் எழுதினதும் இல்லை. 1901 வாக்கில் டிண்ட்லி என்ற கறுப்பினப் போதகர் எழுதிய கீர்த்தனையில் ‘ஒருநாள் நான் வெல்வேன்’ என்றுதான் வரும். 1945 அக்டோபரில் தென் கரோலினா சார்ல்ஸ்டனில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற அம்மா மறியல் வரிசையில் இழுத்து இழுத்துப் பாடுவாராம், அங்கேதான் ‘நான்’ போய் ‘வீ’ வந்தது. அங்கிருந்து டென்னசியில் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், அங்கே பாட்டு சொல்லிக்கொடுத்த சில்பியா ஹார்ட்டனிடமிருந்து நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கற்றுக்கொண்டார். 1960-இல் கை கராவன் என்ற பாடகர் அதைப் போராடும் மாணவர்களுக்குப் பாடிக் காட்டிய பிறகுதான் ஊர் ஊராகப் பரவியது. மறியலில் பிறந்த பாட்டு, எதிரே முதலாளி நிற்கிறான். என் ஓட்டு ‘நாங்கள்’.

வில்லியனூர் அக்கா:
ஓ.டி. அண்ணன் ஒன்றை விட்டுட்டார். 1959-இல் ஹைலேண்டரில் போலீஸ் புகுந்து விளக்கை அணைத்தபோது, மாண்ட்கமரியிலிருந்து வந்த 14 வயதுப் பெண் ஒருத்தி இருட்டில் ‘நமக்குப் பயமில்லை’ என்று புது அடி போட்டுப் பாட ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இருட்டில் அவள் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் பாடினாள், போலீசுக்கு இல்லை. அதனால் ‘நாம்’. ஆனால் 1965 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனே நாடாளுமன்றத்தில் ‘வீ ஷேல் ஓவர்கம்’ என்ற வரியைச் சொன்னார், அதைத் தமிழில் எழுதினாலும் ‘நாம்’ என்றுதான் எழுத வேண்டும், அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் நெருடுகிறது. இந்தப் பாட்டெல்லாம் சும்மா என்று கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கேலி செய்ததும் உண்டு, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மெட்டுக்கு வார்த்தையை நெருக்காதீங்க, ப்ளீஸ். பாரதி பெண் விடுதலையைக் கும்மியில் வைத்தார், கும்மி தெரியாத பெண் அன்றைக்கு யார்? ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டை எடுங்க.

முதலியார்பேட்டைக்காரன்:
அப்பாவிடம் கேட்டேன், ஏ.எஃப்.டி. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். “நாங்கள்னு பாடினா கூட்டம் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கும்டா” என்றார். சரி, ‘நாம்’ தான். கும்மி மெட்டில் முதல் அடி உட்கார்ந்துவிட்டது, இரண்டாவதுதான் இடிக்கிறது. அக்கா, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வர முடியுமா?