புதுப்பிப்பு: வெளிப்புற எஸ்எஸ்டியின் வேகம் 40 மெகாபைட்டில் நின்றதற்குக் காரணம்

என் வெளிப்புற எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்பகம்) நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டவே மறுக்கிறது என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அதற்கான காரணம் இப்போது தெரிந்துவிட்டது. நான் பயன்படுத்திய டைப்-சி கேபிள் சார்ஜ் செய்வதற்கென்று வந்தது. அதனுள் யூஎஸ்பி 2.0-க்கான தரவுக் கம்பிகள் மட்டுமே இருந்ததால், 10 ஜிகாபிட் போர்ட்டில் செருகியிருந்தும் இணைப்பு நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு (எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்) இறங்கிவிட்டது. கணினியின் சாதன விவரத்திலும் அந்த எண்ணே காட்டப்பட்டது. இரண்டு முனைகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் இதில் பெரிய தொல்லை.

எஸ்எஸ்டியுடன் வந்த கேபிளைச் செருகியதும் அதே காணொளிக் கோப்பு 900 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் நகர்ந்தது. பக்கத்திலிருந்த 5 ஜிகாபிட் போர்ட்டில் வேகம் ஏறத்தாழ 430 மெகாபைட்டாகக் குறைந்தது. அந்த 5 ஜிகாபிட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறியாக்கத்திற்கே (தரவுடன் சேர்த்து அனுப்பும் கூடுதல் பிட்டுகளுக்கே) போய்விடுவதால் 500 மெகாபைட்டை எட்ட வழியில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்போருக்கு 5 ஜிகாபிட் போர்ட்டே தாராளம்.