ஜியார்டியா வளர்ப்பில் வைட்டமின் சி

கேள்வி (நாமக்கல், கால்நடை மருத்துவ மாணவி):
குடலில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவை ஆய்வகக் குழாயில் வளர்க்கும் ஊட்டக் கரைசலில் (வளர்ப்பு ஊடகத்தில்) வைட்டமின் சி வழக்கமாகவே சேர்க்கப்படுகிறது. ஆனால் அதன் அளவை நான் கூட்டியபோது, குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒட்டுண்ணிகள் உதிர்ந்து, அவை நீந்த உதவும் சவுக்கிழைகள் ஓய்ந்து அடியில் படிந்துவிட்டன. இதற்குக் காரணம் என்னவாக இருக்கும்?

பதில் (கோவை):
டயமண்டும் உடன் ஆய்வாளர்களும் சீதபேதி அமீபாவுக்காக 1978இல் வெளியிட்ட டிஒய்ஐ-எஸ்-33 ஊடகத்தை, 1983இல் கெய்ஸ்டர் என்ற ஆய்வாளர் பித்தம் சேர்த்து ஜியார்டியாவுக்கு ஏற்றதாக மாற்றினார். அதில் லிட்டருக்கு 0.2 கிராம் வைட்டமின் சி இடுவது ஒட்டுண்ணிக்கு உணவாக அன்று. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்துடன் சேர்ந்து ஆக்சிஜனை அடக்குவதற்காகவே. குழாயை ஏறக்குறைய கழுத்துவரை நிரப்பி இறுக மூடுவதும் அதற்காகத்தான்.

பதில் (ஈரோடு):
அந்த ஊடகத்தில் இரும்பு உப்பும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள், தங்கையே. மிகுதியான வைட்டமின் சி, இரும்பின் முன்னிலையில் எஞ்சிய ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி ஜியார்டியாவிடம் இல்லை. வைட்டமின் சி ஓர் அமிலம் என்பதால் அமிலத்தன்மையும் காரணமாக இருக்கலாம்; கேட்டலேஸ் சேர்த்த குழாய்களையும், அமிலத்தன்மையைச் சரிசெய்த குழாய்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தால், கொன்றது எது என்பது தெளிவாகும்.

பதில் (தாராபுரம்):
இதை நம்பி ஜியார்டியாவைக் கொல்ல ஆட்டுக்குட்டிகளுக்கு வைட்டமின் சி மாத்திரை கொடுக்க யாரும் முனைய வேண்டாம். வெள்ளாடு தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். குடலுக்குள் அந்தக் குழாயின் நிலையும் இராது.