அப்பாவின் 1971 டைரியும் பதக்கங்களும்: பிரித்து விற்கலாமா?

நாகர்கோவில் மகள்:

அப்பா கடற்படையில் பொறியியல் அதிகாரி. 1971 போரின்போது விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் பாய்லர் அறையில் இருந்தார். போன ஆவணியில் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியைச் சென்ற வாரம்தான் திறந்தோம். பழுப்பு ரெக்சின் அட்டை போட்ட டைரி ஒன்று, மூன்று பதக்கங்கள், அம்மா எழுதிய கடிதக் கட்டு, எண் பொறித்த சிறிய பித்தளை வில்லை. கடிதங்களைக் கட்டியிருந்த ரப்பர் வளையம் உருகி உறைகளோடு ஒட்டிக்கிடக்கிறது.

டிசம்பர் 4ஆம் தேதிப் பக்கத்தில் எழுதியிருப்பது ஆறே வரி. நீராவி அழுத்தம், வாட்ச் என்ற பணிமுறை மாறிய நேரம், மேலே ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் கேட்ட அதிர்வு. எத்தனை முறை கேட்டது என்பதைக் கோடு கோடாகப் போட்டு எண்ணியிருக்கிறார். அந்தப் போரை அப்பா கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தெரிந்தவர் மூலமாக ஒரு வியாபாரி வந்தார். பூர்வி ஸ்டார் பதக்கமும் டைரியின் டிசம்பர் பக்கங்களும் மட்டும் போதுமாம். பக்கங்களைப் பிளேடால் அலுங்காமல் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அண்ணனுக்குச் சம்மதம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் காரணம் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை தபால் சேகரிப்பாளர்:

பிளேடு என்று படித்ததும் பதறிவிட்டேன் அம்மா. தயவுசெய்து அவரைத் திரும்ப வீட்டுக்குள் விடாதீர்கள்.

முப்பது ஆண்டுகளாகப் படைவீரர்களின் கடிதங்களைச் சேகரித்து வருகிறேன். உங்கள் பெட்டியில் இருப்பவை ஒன்றுக்கொன்று சாட்சி. சங்கராம் பதக்கம் அந்தப் போர்க்காலத்தில் படையில் இருந்தவர்களுக்கெல்லாம் பரவலாகக் கொடுக்கப்பட்டது. பூர்வி ஸ்டார் கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு. சங்கராம் பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், அப்பாவின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயர், டைரியின் கையெழுத்து, அம்மாவின் உறைமேல் இருக்கும் முகவரி மூன்றும் ஒரே ஆளைக் காட்டும்போதுதான் அது வரலாறு. பிரித்துவிட்டால் பதக்கம் வெறும் உலோகம், வெட்டிய பக்கம் யாரோ எழுதிய காகிதம். பத்து ஆண்டு கழித்து அதை வாங்குகிறவர் உண்மையானதா என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வங்காள தேசத்து அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் கடிதங்களுக்கு 5 பைசா கூடுதல் தபால்தலை ஒட்டச் சொன்னார்கள். அம்மாவின் உறைகளில் அது இருக்கிறதா? அடுத்தது, டைரியில் ‘காஸி’ என்ற சொல் முதலில் எந்தத் தேதியில் வருகிறது? விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி அது. விசாகப்பட்டினத்துக்கு அருகே டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி மூழ்கியது. நாட்டுக்கு அறிவித்ததோ சில நாள் கழித்து. நினைவிலிருந்து பின்னால் எழுதுகிறவர்கள் 4ஆம் தேதியிலேயே அதைச் சேர்த்துவிடுவார்கள். அன்றன்று எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது.

பதக்கத்துக்குப் பாலிஷ் போடாதீர்கள். பொறித்த எழுத்து தேய்ந்துவிடும்.

விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு முன்னாள் மாலுமி:

சகோதரி, உங்கள் அப்பா இருந்த இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். விக்ராந்தில் நான்கு பாய்லர்கள். அதில் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால் கப்பலால் முழு வேகம் எடுக்க முடியாது. போருக்கு அனுப்பலாமா என்றே யோசித்தார்கள். விமானத்தை மேல்தளத்திலிருந்து உந்தி எறியும் கேட்டபல்ட்டுக்கும் நீராவிதான் வேண்டும். டிசம்பர் 4 அன்று, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் சீ ஹாக் விமானங்கள் தாக்கின. கீழே அழுத்தம் குறையாமல் காத்தவர்கள் இல்லையென்றால் ஒரு விமானமும் கிளம்பியிருக்காது. விமானிகள் எழுதியதைப் படித்திருக்கிறேன். பாய்லர் அறையிலிருந்து எழுதியதை இதுவரை கண்டதில்லை. அந்தக் கோடுகள் எனக்குப் பெரிது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. டைரியின் நடுவே அரசு முத்திரையிட்ட தாள், சங்கேதக் குறிப்பு, வரைபடம் ஏதும் இருந்தால் விற்கவும் வேண்டாம், இணையத்தில் போடவும் வேண்டாம். அவற்றைக் கடற்படையிடம் காட்டிக் கேளுங்கள்.

திருச்சி வாசகர்:

விற்பதே தவறு என்பது போல் பேசுகிறோம். அப்படி இல்லை. குடும்பத்தார் கரையானுக்கு விட்டதை எத்தனையோ சேகரிப்பாளர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அண்ணனுக்குப் பணம் தேவை என்றால் அதுவும் நியாயம்தான். ஆனால் பெட்டியை முழுதாக, ஒரே கைக்குக் கொடுங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்துவிடுங்கள். டாக்காவில் விடுதலைப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. இன்னொன்று: வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டைக் கடந்தால் நம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பிறகு அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்த டைரிக்கு 2046இல் அந்த வயது வரும்.

மதுரை தபால் சேகரிப்பாளர்:

திருச்சிக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேன் செய்யும்போது டைரியை முழுதாக விரித்து அழுத்த வேண்டாம், முதுகு பிளந்துவிடும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ரப்பரை இழுத்துப் பிய்க்காமல் அப்படியே விடுங்கள், தாள் பழுது பார்க்கத் தெரிந்தவர் எடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அம்மா இருக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொரு பொருளாக அவர்கள் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, தேதி போட்டு, பெட்டியிலேயே வையுங்கள்.

நாகர்கோவில் மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் டைரியோடுதான் இருந்தேன்.

4ஆம் தேதியில் காஸி இல்லை, 5இலும் இல்லை. 10ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், குறுக்காக எழுதியிருக்கிறார். அது தங்களைத்தான் தேடி வந்தது என்று ஒரு வரி. அதன் கீழே என் பெயர். அப்போது எனக்கு இரண்டு வயது.

5 பைசாத் தபால்தலை நான்கு உறைகளில் இருக்கிறது. இரண்டில் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது. சிறு வயதில் ஆல்பத்துக்காக உரித்தது தான்தான் என்று அண்ணன் சொன்னார். அந்த ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். வியாபாரிக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பித்தளை வில்லையை அம்மாவிடம் கொடுத்தேன். பார்த்தவுடனே சொன்னார்: பாய்லர் அறை வால்வில் தொங்கிய வில்லை, கப்பலை விட்டு மாற்றலாகி வரும்போது அப்பாவின் கீழ் வேலை பார்த்த மாலுமிகள் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் போட்டு அனுப்பினார்களாம். கயிறு எங்கே என்று கேட்டார். பெட்டியின் அடியில், நான் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்த காகிதப் பொட்டலத்தில் இருந்தது.